'தெரியாது'ன்னு சொல்லத் தெரிஞ்ச லைப்ரரி வேணும்

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன் மக்களே. இந்தப் பதிவு பொட்டி தட்டறவங்களுக்கு மட்டும் எழுதின மாதிரி ஆரம்பிக்கும். பாதியில எழுந்து ஓடிடாதீங்க. மூச்சு விடற எல்லாருக்கும் இதுல சம்பந்தம் இருக்கு.

காத்துல எவ்வளவு தூசி, எவ்வளவு புகைங்கற அளவுகளை இணையத்துலேர்ந்து எடுத்துத் தர்ற நிரல் லைப்ரரிகள் இப்போ நிறைய கிடைக்குது. பைத்தான்ல இருக்கு, ஆர் மொழியில இருக்கு, ஜாவாஸ்கிரிப்ட்ல இருக்கு. நாலு வரி எழுதினா போதும், மணலியில நேத்து ராத்திரி ஒவ்வொரு மணி நேரமும் காத்து எப்படி இருந்துச்சுன்னு வந்து விழும். காசு கிடையாது. நல்ல விஷயம்தான், நானும் பயன்படுத்தறேன். ஆனா இந்த லைப்ரரிகள்ல பலது ஒரு முக்கியமான வார்த்தையைக் கத்துக்கவே இல்ல. அந்த வார்த்தை 'தெரியாது'. இது சின்னக் குறை இல்ல, இதனால ஆளுங்களோட நுரையீரலே பாதிக்கப்படலாம்ங்கறதுதான் என் கட்சி. எப்படின்னு சொல்றேன்.

பொட்டி தட்டாதவங்களுக்கு ஒரு வரி. இங்க லைப்ரரின்னா புத்தகம் வைக்கற இடம் இல்ல. ஒருத்தர் எழுதின நிரலை மத்தவங்களும் அப்படியே எடுத்துப் பயன்படுத்தற மாதிரி கட்டி வெச்சது. கடையில விக்கற இட்லி மாவு மாதிரி நினைச்சுக்குங்க. அரிசி ஊறப் போட வேணாம், அரைக்க வேணாம், வாங்கினோமா ஊத்தினோமான்னு போயிட்டே இருக்கலாம். ஆனா என்னிக்கு அரைச்சது, என்ன கலந்ததுன்னு பாக்கெட் மேல எழுதியிருக்கணுமா இல்லையா? என் சண்டை அந்த எழுத்துக்காகத்தான்.

அளவு எங்கேர்ந்து வருதுன்னு முதல்ல பார்த்துடுவோம். சென்னையில ஆலந்தூர் பஸ் டிப்போ, வேளச்சேரி, மணலி மாதிரி இடங்கள்ல மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட கண்காணிப்பு நிலையங்கள் இருக்கு. தமிழ்நாடு வாரியமும் தனியா வெச்சிருக்கு. பிஎம் 2.5ங்கற நுண்தூசியை அளக்கறதுக்கு உலகத்துல பல இடத்துல பயன்படற ஒரு கருவி எப்படி வேலை செய்யுதுன்னா, காத்தை உள்ளே இழுத்து ஒரு காகித நாடாவுல தூசியைப் படிய விடும். அப்புறம் அந்த நாடா வழியா பீட்டா கதிரை அனுப்பிப் பார்க்கும். தூசி அதிகமா இருந்தா கதிர் கம்மியாத்தான் அந்தப் பக்கம் வரும். அந்த வித்தியாசத்தை வெச்சு ஒரு கன மீட்டர் காத்துல எத்தனை மைக்ரோகிராம் தூசின்னு கணக்குப் போடும். மணிக்கு ஒரு எண். அந்த எண் வாரியத்துக்குப் போகுது, அங்கேர்ந்து வலைத்தளத்துக்கு வருது, அங்கேர்ந்து ஓப்பன்ஏக்யூ மாதிரி திரட்டிகளுக்கு வருது, அங்கேர்ந்து லைப்ரரி, அப்புறம் உங்க கைப்பேசி. நடுவுல எத்தனை கை மாறுதுன்னு எண்ணிப் பாருங்க.

ஓப்பன்ஏக்யூ பத்தியும் கொஞ்சம் சொல்லணும். மங்கோலியாவோட தலைநகரம் உலான்பாதர். குளிர்காலத்துல நிலக்கரிப் புகையில மூழ்கற ஊர். அங்க வேலை பார்த்த கிறிஸ்டா ஹேசன்காஃப்ங்கற வளிமண்டல விஞ்ஞானியும் ஜோ ஃப்ளாஷர்ங்கற நிரலாளரும் சேர்ந்து 2015ல ஆரம்பிச்சதுதான் இது. நாட்டுக்கு நாடு, ஊருக்கு ஊர், ஒவ்வொரு வலைத்தளத்துல ஒவ்வொரு வடிவத்துல சிதறிக் கிடந்த அளவுகளை ஒரே இடத்துல, ஒரே வடிவத்துல, யார் வேணும்னாலும் எடுத்துக்கற மாதிரி கொட்டி வெச்சாங்க. பைத்தான்ல பை-ஓப்பன்ஏக்யூ, ஆர்ல ரோப்பன்ஏக்யூன்னு லைப்ரரிகள் அதுக்கு மேல முளைச்சது. ஆய்வுக் கட்டுரை எழுதறவங்கள்லேர்ந்து பள்ளிக்கூடத்து அறிவியல் கண்காட்சி வரைக்கும் எல்லாருக்கும் கதவு திறந்துச்சு. இந்த வேலைக்கு என் முதல் வணக்கம். நான் திட்டப் போறது இவங்களை இல்ல.

ஒரு எண்ணை வெளியே சொல்றது எவ்வளவு பெரிய காரியம்ங்கறதுக்கு பெய்ஜிங் கதையை விட நல்ல உதாரணம் கிடையாது. 2008ல அங்க இருக்கற அமெரிக்கத் தூதரகம் தன் கட்டடத்துல ஒரு கருவியை வெச்சு, மணிக்கு ஒரு தடவை பிஎம் 2.5 அளவை ட்விட்டர்ல தானா போடற மாதிரி பண்ணினாங்க. அப்போ சீன அரசு பிஎம் 2.5 அளவை ஜனங்களுக்கு வெளியிடறதில்ல. 2010 நவம்பர்ல ஒரு நாள் குறியீடு 500ஐத் தாண்டிடுச்சு. அமெரிக்க அளவுகோல் 500தோட முடிஞ்சு போச்சு. 500க்கு மேல என்ன சொல்றதுன்னு நிரல்ல எழுதி வெச்சிருந்தது 'கிரேஸி பேட்'னு. அது அப்படியே உலகத்துக்கே ஒலிபரப்பாயிடுச்சு :-) அப்புறம் அதை 'குறியீட்டுக்கு அப்பால்'னு மரியாதையா மாத்தினாங்க. 2012ல சீன அமைச்சகம், வெளிநாட்டுத் தூதரகங்கள் இப்படி வெளியிடறதை நிறுத்தணும்னு பகிரங்கமா கேட்டுச்சு. ஆனா 2013 ஆரம்பத்துல சீனாவே எழுபத்துச் சொச்ச நகரங்கள்ல பிஎம் 2.5 அளவை வெளியிட ஆரம்பிச்சிடுச்சு.

இந்தக் கதையில எல்லாரும் அரசியலைப் பார்ப்பாங்க. நான் அந்த ஒத்தை வரி நிரலைப் பார்க்கறேன். 'இந்த எண் இதுக்கு மேல போனா என்ன சொல்றது?'ன்னு எங்கேயோ ஒரு நிரலாளர் உக்காந்து முடிவு பண்ணியிருக்கார். ஒவ்வொரு லைப்ரரியிலயும் இந்த மாதிரி முடிவுகள் டஜன் கணக்குல இருக்கு. வெளியே தெரியாது. ஆனா நாம காத்தைப் பத்தி என்ன நம்பறோம்ங்கறதை அதுதான் தீர்மானிக்குது.

ஒண்ணொண்ணா பார்ப்போம்.

முதல்ல மைனஸ் 999. கருவி கெட்டுப் போச்சு, கரண்ட் போச்சு, அளவு கிடைக்கலைன்னா, பல இடங்கள்ல அந்த மணி நேரத்துக்கு -999னு போட்டு அனுப்புவாங்க. 'எண் இல்லை'ங்கறதைச் சொல்றதுக்கு ஒரு எண். அந்தக் காலத்துப் பழக்கம். ஓப்பன்ஏக்யூ மூலத்துல வர்றதை அப்படியே வெச்சிருக்கும், அதுல தப்பே இல்ல. மூலத்தைத் திருத்தாம வெக்கறதுதான் அவங்க வேலை. ஆனா மேல உக்காந்திருக்கற லைப்ரரி அதை அப்படியே உங்க கையில கொடுத்து, கூடவே 'நாள் சராசரி'ன்னு ஒரு வசதியையும் கொடுத்தா என்ன ஆகும்?

கணக்கு போட்டுப் பாருங்க. 23 மணி நேரம் பிஎம் 2.5 எண்பது. ஒரு மணி நேரம் -999. கூட்டி 24ஆல வகுத்தா 35. எண்பதுன்னா இந்திய அளவுகோல்ல 'மிதமான' மாசு, ஆஸ்துமாக்காரங்களுக்கு மூச்சு விடச் சிரமமா இருக்கலாம்னு எச்சரிக்கற வகை. முப்பத்தஞ்சுன்னா 'திருப்திகரம்'. கருவி ஒரு மணி நேரம் படுத்துக்கிட்டதுக்கே ஊர்க் காத்து பாதிக்கு மேல சுத்தமாயிடுச்சு. ரெண்டு மணி நேரம் படுத்தா சராசரி மைனஸ் பத்து கிட்ட வரும். அப்பவாவது யாராவது முழிச்சுக்குவாங்க. ஒரு மணி நேரம்தான் ஆபத்து, ஏன்னா வர்ற எண் நம்பற மாதிரி இருக்கும்.

'அதுக்கென்ன, மைனஸ் எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடலாமே'ம்பீங்க. அதுவும் சரியில்ல. காத்து நிஜமாவே சுத்தமா இருக்கும்போது கருவியோட சின்ன ஆட்டத்துல -2, -3ன்னு வர்றது சகஜம். அதை எல்லாம் தூக்கிட்டா, மீதி இருக்கற சராசரி உண்மையை விட மேல போயிடும். அதனால -3 வேற, -999 வேற. இந்த வித்தியாசம் தெரிஞ்சு, 'இந்த மணி நேரத்துக்குத் தெரியாது'ன்னு வெறுமையா விடற லைப்ரரிதான் யோக்கியமான லைப்ரரி.

ரெண்டாவது, ஏக்யூஐங்கற காத்துத் தரக் குறியீடு. இதைப் பத்தித்தான் எனக்கு ரொம்பக் கோவம். பிஎம் 2.5ங்கறது அளவு. எங்க போனாலும் அறுபது மைக்ரோகிராம்னா அறுபதுதான். ஏக்யூஐங்கறது அப்படி இல்ல, ஒவ்வொரு நாடும் தன் வசதிக்கு, தன் தரநிலைக்கு ஏத்த மாதிரி செஞ்சுக்கிட்ட மொழிபெயர்ப்பு. இந்தியாவுல 24 மணி நேரத்துக்கான தரநிலை 60. அதனால அறுபதுக்கு இந்தியக் குறியீடு சரியா 100. வகை 'திருப்திகரம்'. அதே அறுபதை 2024ல திருத்தின அமெரிக்க அட்டவணையில போட்டா 154 வரும். வகை 'ஆரோக்கியக் கேடு', அதுவும் எல்லாருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2021ல சொன்ன 24 மணி நேர அளவு 15. அவங்க கணக்குல அறுபதுங்கறது நாலு மடங்கு.

ஒரே காத்து. ஒருத்தர் திருப்திகரம்ங்கறார், ஒருத்தர் கேடுங்கறார், ஒருத்தர் நாலு மடங்குங்கறார். லைப்ரரி 'ஏக்யூஐ: 154'ன்னு மட்டும் கொடுத்தா, அது எந்த நாட்டு 154, எந்த வருஷ அட்டவணைன்னு யாருக்குத் தெரியும்? இன்னொரு சிக்கலும் இருக்கு. இந்தியக் குறியீடு தூசிக்கு 24 மணி நேர சராசரியை எடுக்கும். அமெரிக்காவோட நவ்காஸ்ட் முறை கடைசி 12 மணி நேரத்தை எடுத்து, சமீபத்திய மணிகளுக்கு அதிக எடை கொடுக்கும். தீபாவளி ராத்திரி பத்து மணிக்கு ரெண்டும் வேற வேற கதை சொல்லும். ரெண்டுமே பொய் இல்ல. எதுன்னு சொல்லாம கொடுக்கறதுதான் பொய். வருஷா வருஷம் நவம்பர் மாசம் 'அந்த இணையதளத்துல 900, இந்த அரசாங்கத் தளத்துல 480, யாரோ மறைக்கறாங்க'ன்னு சண்டை வருதுல்ல? அதுல பாதி இந்த விஷயம்தான். இந்திய அட்டவணை 500தோட நின்னுடும். அதுக்கு மேல எண்ணற தளங்களும் இருக்கு. மறைக்கறாங்களா இல்லையாங்கற கேள்விக்கு அப்புறம் வருவோம், முதல்ல ரெண்டு பேரும் ஒரே அளவுகோலைப் பிடிச்சிருக்காங்களான்னு பார்க்கணும்.

மூணாவது, நாள் எப்போ ஆரம்பிக்குது? இது எனக்கு ரொம்பப் பிடிச்ச வில்லங்கம். இந்த அளவுகள்ல நேரம் பெரும்பாலும் யூடிசி கணக்குல சேமிச்சிருக்கும். யூடிசி நள்ளிரவுன்னா நமக்கு விடிகாலை 5:30. பல லைப்ரரிகள்ல 'நாள்வாரியா சராசரி கொடு'ன்னா யூடிசி நாளைத்தான் வெட்டிக் கொடுக்கும். ஐரோப்பாவுல இருக்கறவங்களுக்கு ஒரு மணி, ரெண்டு மணி வித்தியாசம், பெரிசா தெரியாது. நம்ம ஊருக்கு அது சரியா போகியன்னிக்கு ஆப்பு வைக்கும்.

போகிக்கு எப்போ கொளுத்துவோம்? விடியறதுக்கு முன்னாடி. பனியும் புகையும் சேர்ந்து தரையோட படுத்துக்கற நேரம். 2018 ஜனவரி 13 போகியன்னிக்கு சென்னை விமான நிலையத்துல ஓடுபாதையே தெரியாம விமானங்களைத் திருப்பி விட்டாங்களே, ஞாபகம் இருக்கா? இப்போ ஒரு கற்பனைக் கணக்கு. விடிகாலை 3:30லேர்ந்து 7:30 வரைக்கும் நாலு மணி நேரம் பிஎம் 2.5 முன்னூறு. மீதி நேரம் எல்லாம் அறுபது. நம்ம நாள் கணக்குல சராசரி சரியா 100. இந்திய வகையில 'மோசம்'. யூடிசி நாளா வெட்டினா புகை ரெண்டு துண்டா உடையும். நேத்துக்கு ரெண்டு மணி நேரம், இன்னிக்கு ரெண்டு மணி நேரம். ரெண்டு நாளுக்கும் சராசரி 80. ரெண்டு நாளுமே 'மிதமானது'. மோசமான நாள்னு ஒண்ணு வரலாற்றுலயே இருக்காது! யாரும் எதையும் மறைக்கல, யாருக்கும் கெட்ட எண்ணம் இல்ல. எங்கேயோ ஒரு லைப்ரரியில நேர மண்டலம்னு ஒரு கட்டத்தைக் காலியா விட்டதுக்கு, போகிப் புகை காணாம போயிடுச்சு. 'போகியால மாசு பெரிசா ஏறல, புள்ளிவிவரம் பாருங்க'ன்னு நாளைக்கே ஒருத்தர் பதிவு போடலாம். படம் எல்லாம் அழகா இருக்கும்.

நாலாவதுதான் 'தெரியாது' விஷயம்.

எங்க அக்கா வீடு மணலி பக்கம். அவங்க பையனுக்கு வீசிங். குளிர்காலம் வந்தா அக்கா காலையில போன் பண்ணி, "டேய், இன்னிக்கு இவனை கிரவுண்டுக்கு அனுப்பலாமாடா? போன்ல பச்சையாத்தான் காட்டுது"ம்பாங்க. அவங்க போன்ல ஒரு செயலி, பேர் வேணாம். ஒரு நாள் அவங்க அப்படிக் கேட்டப்போ மணலி நிலையத்துலேர்ந்து முந்தின நாள் மத்தியானத்துக்கு அப்புறம் ஒரு அளவும் வரல. செயலி பச்சையா காட்டுதே, அது எங்கேர்ந்து வந்ததுன்னு நோண்டிப் பார்த்தா, பக்கத்துல நிலையம் இல்லைன்னா மாதிரிக் கணிப்புலேர்ந்து எண்ணை எடுத்துப் போட்டுடுது. உலக அளவுல போடற அந்த மாதிரிக் கணிப்புகள்ல ஒரு கட்டம் சுமார் 40 கிலோமீட்டர் அகலம். அதாவது மணலியும் அடையாறும் ஒரே கட்டம். சுத்திகரிப்பு ஆலை பக்கத்து வீட்டுக்கும் கடற்கரைக் காத்து வர்ற வீட்டுக்கும் ஒரே எண்.

"அக்கா, அது அளந்தது இல்ல, கணிப்பு. இன்னிக்கு மணலியில என்னன்னு யாருக்கும் தெரியாது"ன்னேன்.

"தெரியாதுன்னா தெரியாதுன்னு போட வேண்டியதுதானே? எதுக்குடா பச்சையா காட்டணும்?"ன்னாங்க.

நான் இந்தப் பதிவுல சுத்திச் சுத்திச் சொல்றதை அக்கா ஒரே வரியில கேட்டுட்டாங்க. மாதிரிக் கணிப்பு தப்பானது இல்ல. வானிலை முன்னறிவிப்புக்கு அது வேணும், கருவியே இல்லாத ஊர்களுக்கு அதை விட்டா வேற கதி இல்ல. ஆனா அளந்த எண்ணும் கணிச்ச எண்ணும் ஒரே சட்டையைப் போட்டுக்கிட்டு வரக்கூடாது. அதே மாதிரி வாரியத்தோட பெரிய கருவியும், வீட்டு மொட்டை மாடியில மாட்டற சின்ன சென்சாரும் ஒண்ணு இல்ல. சின்ன சென்சார் ஒளிச்சிதறலை வெச்சு அளக்கறது. ஈரப்பதம் ஏறினா தூசி ஊதிப் போய் எண் கூடிடும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையே பர்ப்பிள்ஏர் சென்சார்களுக்கு ஈரப்பதத்தைச் சேர்த்து ஒரு திருத்தச் சமன்பாடு போட்டுத்தான் தன் வரைபடத்துல காட்டுது. சென்னை மாதிரி கசகசன்னு இருக்கற ஊருக்கு இது எவ்வளவு முக்கியம்னு சொல்லணுமா? ஓப்பன்ஏக்யூவுல ஒவ்வொரு இடத்துக்கும் இது தரமான கண்காணிப்புக் கருவியா இல்லையான்னு ஒரு குறிப்பு இருக்கு. மேல உக்காந்திருக்கற லைப்ரரி அந்தக் குறிப்பைத் தூக்கிப் போட்டுட்டா, கீழ இருக்கறவங்க எவ்வளவு யோக்கியமா இருந்தும் பிரயோஜனம் இல்ல.

இனி எதிர்க் கட்சி. நண்பர் ஒருத்தர்கிட்ட இதைச் சொன்னப்போ, "யோவ், லைப்ரரிங்கறது குழாய். தண்ணியைக் கொண்டு வர்றதுதான் குழாயோட வேலை. கொதிக்க வெச்சுக் குடிக்கறது உன் வேலை"ன்னார். நியாயமான பேச்சுதான். லைப்ரரியே எல்லாத்தையும் சுத்தம் பண்ண ஆரம்பிச்சா, அது எதைத் தூக்கிச்சு எதைச் சேர்த்துச்சுன்னு தெரியாம இன்னொரு இருட்டு உருவாகும். அதனால நான் சுத்தம் பண்ணச் சொல்லல. குழாய் வெறும் குழாயாவே இருக்கட்டும், தாராளமா இருக்கட்டும். ஆனா சராசரி போட்டுத் தர்றேன், குறியீடா மாத்தித் தர்றேன், நாளா வெட்டித் தர்றேன், விட்டுப் போன மணி நேரத்தை ரொப்பித் தர்றேன்னு வசதி கொடுக்க ஆரம்பிச்ச அந்த நிமிஷமே அது குழாய் இல்ல, சமையக்காரர். சமையக்காரர் என்ன போட்டேன்னு சொல்லியே ஆகணும்.

இன்னொருத்தர் சொன்னது கொஞ்சம் கஷ்டமான கேள்வி. "இதெல்லாம் பாவம் சும்மா ஒருத்தர் ராத்திரி உக்காந்து பொழுதுபோக்கா எழுதறது. ஓசியில வாங்கிட்டு இவ்வளவு பேச்சா?"ன்னார். ஆமாங்க, ஓசிதான். அதனாலதான் 'ஏன் செய்யல'ன்னு கேட்காம 'செய்யாததைச் செய்யலைன்னு எழுதி வையுங்க'ன்னு கேக்கறேன். அஞ்சு வரி விளக்கக் குறிப்புக்குக் காசு ஆகாது. அந்த அஞ்சு வரியை எழுத நேரம் இல்லைன்னா, எழுதிக் கொடுக்க நம்மளை மாதிரி ஆளுங்க இருக்கோம். லைப்ரரிக்கு நிரல் எழுதித் தர்றது மட்டும் உதவி இல்ல, விளக்கம் எழுதித் தர்றதும் உதவிதான்.

இப்போ ஏன் இதை எழுதறேன்னா, ஊற்றே அடைபடற காலம் இது. 2025 ஜனவரி கடைசியில ஓப்பன்ஏக்யூ தன் பழைய ஒண்ணாம், ரெண்டாம் பதிப்பு ஏபிஐக்களை மூடிடுச்சு. மூணாம் பதிப்புக்கு மாறணும், சாவி வாங்கணும். அவங்க ரொம்ப நாள் முன்னாடியே சொல்லிட்டாங்க, குறை சொல்ல முடியாது. ஆனா பழைய ஏபிஐயை நம்பி எழுதின, பராமரிக்க ஆள் இல்லாத லைப்ரரிகள் அன்னிக்கே செத்துப் போச்சு. அடுத்து 2025 மார்ச்ல, நிதிக் காரணத்தைச் சொல்லி, அமெரிக்க வெளியுறவுத் துறை தன் தூதரகங்கள்லேர்ந்து காத்து அளவுகளை அனுப்பறதை நிறுத்திடுச்சு. பெய்ஜிங்ல ஆரம்பிச்ச கதை எண்பதுக்கும் மேல தூதரகங்களுக்குப் பரவி, இப்படி முடிஞ்சுது. நம்ம ஜெமினி மேம்பாலம் பக்கத்துல இருக்கற துணைத் தூதரகத்துலயும் ஒரு கருவி இருந்துச்சு. அந்த ஓடையும் நின்னுச்சு. அந்தத் தூதரகக் கருவிகள் வெச்ச நகரங்கள்ல அதுக்கப்புறம் நுண்தூசி கன மீட்டருக்கு 2லேர்ந்து 4 மைக்ரோகிராம் வரைக்கும் குறைஞ்சதுன்னு 2022ல ஒரு ஆய்வே வந்திருக்கு. எண்ணைச் சொன்னாலே காத்து கொஞ்சம் சுத்தமாகுது போல.

ஊற்று நின்ன அன்னிக்கு யோக்கியமான லைப்ரரி என்ன பண்ணும்? 'அளவு வரல'ன்னு சத்தமா கத்தும். மத்தது கடைசியா வந்த எண்ணையே திரும்பத் திரும்பக் காட்டும், இல்லைன்னா சத்தமில்லாம மாதிரிக் கணிப்புக்குத் தாவிடும். ஜனங்களுக்கு ஒரு கண்ணு போனதே தெரியாது. இதைத்தான் நுரையீரலைப் பாதிக்கற விஷயம்னு ஆரம்பத்துல சொன்னேன்.

சரி, குறை மட்டும் சொல்லிட்டுப் போனா எப்படி. லைப்ரரி எழுதற, எழுதப் போற நண்பர்களுக்கு என் வேண்டுகோள்:

1. மூல அளவை எப்பவும் கொடுங்க, அலகோட. என்ஓ2 ஒரு பிபிபின்னா 25 டிகிரியில சுமார் 1.88 மைக்ரோகிராம். எந்த அலகுன்னு சொல்லாத எண்ணை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது.

2. குறியீடு கொடுத்தா எந்த நாடு, எந்த வருஷ அட்டவணை, எத்தனை மணி நேர சராசரின்னு சேர்த்தே கொடுங்க. பிரிக்க முடியாத மாதிரி கொடுங்க.

3. சராசரி கொடுத்தா 24 மணியில எத்தனை மணிக்கு அளவு இருந்துச்சுன்னு பக்கத்துல போடுங்க. இந்தியக் குறியீட்டுக்கே குறைஞ்சது 16 மணி நேர அளவு இருக்கணும்னு விதி இருக்கு. 9 மணி நேரத்தை வெச்சு நாள் சராசரின்னு சொல்லாதீங்க.

4. நேர மண்டலத்தைக் கேட்டு வாங்குங்க. நீங்களா யூடிசின்னு முடிவு பண்ணாதீங்க.

5. அளந்ததா, கணிச்சதா, ரொப்பினதா, சின்ன சென்சாரா? ஒவ்வொரு எண்ணுக்கும் ஜாதகம் வேணும்.

6. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. பூஜ்யம் போடாதீங்க, பழைய எண்ணைப் போடாதீங்க, பக்கத்து ஊர் எண்ணைப் போடாதீங்க.

பொட்டி தட்டாத பதிவர்களுக்கும் ஒரு வேலை இருக்கு. தீபாவளி, போகி சமயத்துல காத்து பத்திப் பதிவு போடும்போது 'ஏக்யூஐ 300ஆம்!'னு மட்டும் எழுதாதீங்க. எந்த நிலையம், எந்த மணி, எந்த அளவுகோல், மூல அளவு எவ்வளவுன்னு நாலு விஷயம் சேருங்க. அஞ்சு வருஷம் கழிச்சு யாராவது தேடி வந்தா உங்க பதிவு ஒரு ஆவணமா இருக்கும். முடிஞ்சவங்க உங்க ஊர் நிலையத்தோட அளவுகளை இறக்கி ஒரு பிரதி வெச்சுக்குங்க. ஓப்பன்ஏக்யூவோட பழைய அளவுகள் அமேசான் கிடங்குல யார் வேணும்னாலும் எடுக்கற மாதிரி இருக்கு. ஒரு நிலையத்தோட ஒரு வருஷ அளவு ஒரு சினிமாப் பாட்டு அளவு இடம்கூடப் பிடிக்காது. 8760 மணி நேரம், அவ்வளவுதான். ஊற்று நின்னாலும் நம்ம ஊர் காத்து எப்படி இருந்துச்சுங்கறதுக்குச் சாட்சி நம்மகிட்ட இருக்கும்.

டிஸ்கி: நீங்க ஏதாவது காத்து லைப்ரரியோ செயலியோ பயன்படுத்தறீங்கன்னா, ஒரே ஒரு சோதனை பண்ணிப் பாருங்க. வங்காள விரிகுடா நடுவுல ஒரு புள்ளியோட அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்து 'இங்க காத்து எப்படி?'ன்னு கேளுங்க. அளவு இல்லைன்னு பதில் வந்தா உங்க லைப்ரரி யோக்கியமானது. கணிப்புன்னு ஒத்துக்கிட்டு ஒரு எண் கொடுத்தாலும் பரவாயில்ல. ஒண்ணுமே சொல்லாம பச்சைக் கலர்ல ஒரு எண் வந்து நின்னா, அது பேரையும் அந்த எண்ணையும் பின்னூட்டத்துல போடுங்க. ஒரு பட்டியலே சேர்த்துடலாம்.